வரலாற்று மூலைக்கு வந்த இரும்பு



கொஞ்சம் நீளமான பதிவு. ஆசிரியர்களும் பெற்றோரும் கடைசிவரை வாசிக்க வேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இது எங்களுடைய பிழை ஒன்றிலிருந்து தொடங்குகிற பதிவு.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் பாடசாலையில் ஒரு வகுப்பறையின் பின்பக்கத்தில் "வரலாற்று மூலை" அமைத்தோம். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த முறைதான். புத்தகத்தில் இருக்கும் வரலாற்றைப் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கட்டும் என்பது நோக்கம். தரம் 8 பிள்ளைகளிடம், "வீட்டிலயோ வளவிலயோ கிடக்கிற பழைய சாமான் எதுவெண்டாலும் கொண்டு வாங்க" என்று சொன்னோம்.

கொண்டு வந்தார்கள். வெற்றிலைத் தட்டம், அரிக்கன் இலாம்பு, பழைய சல்லிக் காசு, ஓலைப்பெட்டி, முத்துக்குளித்த காலத்துச் சிப்பி ஓடு. மூன்றாம் நாள் ஒரு பையன் ஷொப்பிங் பையில் சுற்றி ஒரு இரும்பைக் கொண்டு வந்தான். இரண்டு சாண் நீளம் இருக்காது. துருவேறி மண் ஒட்டியிருந்தது. வால் பக்கம் சின்னச் செட்டைகள். விறகு பொறுக்கப் போன இடத்தில் கிடைத்ததாம்.

அதைக் கையில் வாங்கினோம். பாரம் பார்த்தோம். "நல்ல சாமான்" என்று பாராட்டிவிட்டு, தட்டத்துக்கும் இலாம்புக்கும் நடுவில் வைத்தோம். இடைவேளை வரை அது அங்கேதான் இருந்தது.

இடைவேளையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். வன்னியில் வளர்ந்தவர். வாசலில் நின்று பார்த்தவரின் குரல் மாறிவிட்டது. "சேர், அதை வைச்சது வைச்சபடி விடுங்கோ. பிள்ளையளை வெளியில எடுங்கோ. இப்பவே."

அது 60 மில்லிமீற்றர் மோட்டார் எறிகணை. வெடிக்காதது. பொலிஸ் வந்து, பிறகு இராணுவத்தின் குண்டு செயலிழக்கச் செய்யும் பிரிவு வந்து எடுத்துக்கொண்டு போனது. பின்னேரம் வெறும் வளவொன்றில் அதை வெடிக்க வைத்தார்கள். சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வகுப்பில் 30க்கும் மேற்பட்ட பிள்ளைகள். அல்லாஹ் காப்பாற்றினான்.

அந்த டீச்சருக்குத் தூரத்திலேயே தெரிந்தது எங்களுக்கு ஏன் கையில் வாங்கியும் தெரியவில்லை? இந்தக் கேள்வி எங்களை விடவில்லை. அதற்குப் பதில் தேடிப் போய்த்தான், உலகத்தில் வேறு இடங்களில் இந்தப் பிரச்சினையை எப்படிச் சமாளித்தார்கள் என்று வாசிக்கத் தொடங்கினோம்.

தரம் 11 பிள்ளைகளுக்கு முதலாம் உலகப் போர் 1918 நவம்பர் 11இல் முடிந்தது என்று எழுதிக் கொடுக்கிறோம். பரீட்சைக்கு அது சரியான விடை. ஆனால் பெல்ஜியத்தின் மேற்கிலும் பிரான்சின் வடகிழக்கிலும் உள்ள விவசாயிகளைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும்.

அங்கே ஒவ்வொரு உழவுக் காலத்திலும் கலப்பையில் எறிகணைகள் மாட்டி மேலே வரும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "இரும்பு அறுவடை". விவசாயிகள் அவற்றை வயல் ஓரத்தில், மின்கம்பங்களுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். இராணுவ வாகனம் வந்து எடுத்துப் போகும். பெல்ஜியத்தில் இந்த வேலையைச் செய்யும் இராணுவப் பிரிவின் நிலையம் பூல்கபெல்லே என்ற ஊரில் இருக்கிறது. வருடத்துக்கு 150 முதல் 200 தொன் வரை சேர்க்கிறார்கள். போர் முடிந்து நூறு வருடம் கடந்த பிறகும் இந்தக் கணக்கு.

இவ்வளவு எறிகணைகள் ஏன் வெடிக்காமல் போயின? 1915இல் பிரித்தானிய இராணுவத்துக்கு எறிகணைப் பஞ்சம் ஏற்பட்டது. அரசியல் நெருக்கடி ஆகி, ஆயுத உற்பத்திக்கென்றே புதிய அமைச்சு ஒன்றை உருவாக்கினார்கள். தொழிற்சாலைகள் இரவு பகலாக இயங்கின. எண்ணிக்கை கூடியது, தரம் குறைந்தது. அடுத்த வருடம் சோம் சண்டைக்கு முன்னால், 1916 ஜூன் 24இலிருந்து ஒரு வாரத்தில் மட்டும் 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட எறிகணைகளை ஜேர்மன் நிலைகள் மீது ஏவினார்கள். அதில் பெரும் பங்கு வெடிக்கவே இல்லை. மூக்கிலிருக்கும் வெடிப்பொறி பிழையாகச் செய்யப்பட்டிருந்தால் வெடிக்காது. ஈரச் சேற்றில் மெதுவாக இறங்கினாலும், பக்கவாட்டில் விழுந்தாலும் வெடிக்காமல் போகலாம்.

இங்கே ஒன்றைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டும். வெடிக்காத எறிகணை செத்துப்போன எறிகணை அல்ல. ஏவப்பட்ட அதிர்ச்சியில் அதன் பூட்டுத் திறந்துவிட்டது. கடைசி ஒரு தட்டு மட்டும்தான் பாக்கி. துருப்பிடித்தால் சக்தி போய்விடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உள்ளேயிருக்கும் வெடிமருந்து பல பத்து வருடங்களுக்கு அப்படியே இருக்கும். சில வெடிமருந்துகள் உலோகத்தோடு சேர்ந்து, நாட்பட நாட்பட இன்னும் இலகுவாக வெடிக்கும் பொருளாக மாறும். 2014 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த இரண்டு தொழிலாளர்கள் முதலாம் உலகப் போர் எறிகணை வெடித்து இறந்தார்கள். அந்தப் போர் தொடங்கி அப்போது நூறு வருடம்.

ஈப்பருக்குத் தெற்கே மெசீன் என்று ஒரு மேடு. 1917 ஜூன் 7 விடியற்காலையில் பிரித்தானியர்கள் ஜேர்மன் நிலைகளுக்குக் கீழே சுரங்கம் தோண்டி வைத்த 19 பெரும் வெடிகளை ஒரே நேரத்தில் வெடிக்க வைத்தார்கள். அந்தத் தாக்குதலுக்கெனத் தயாரித்தவற்றில் சில வெடிக்கப்படாமல் மண்ணுக்குள்ளேயே விடப்பட்டன. 1955இல் ஒரு இடி மின்னலில் அவற்றில் ஒன்று வெடித்தது. செத்தது ஒரு மாடு மட்டும். 38 வருடத்துக்கு அதன் மேல் மாடு மேய்ந்துகொண்டிருந்திருக்கிறது.

பிரான்சில் வெர்டன். 1916 பெப்ரவரி 21இலிருந்து டிசம்பர் 18 வரை, கிட்டத்தட்ட 300 நாள் நடந்த சண்டை. போர் முடிந்ததும் பிரான்ஸ் அரசு சேதமான நிலத்தை வகை பிரித்தது. திருத்தவே முடியாது என்று கருதிய பகுதிகளுக்குச் "சிவப்பு வலயம்" என்று பெயர். ஆரம்பத்தில் அது சுமார் 1,200 சதுர கிலோமீற்றர். பிறகு படிப்படியாகக் குறைத்தார்கள். வெர்டனைச் சுற்றி மனிதர்கள் திரும்பவே முடியாமல் போன ஊர்கள் உண்டு. ஃப்ளூரி அவற்றில் ஒன்று. வீடு இல்லை, குடியிருப்பவர் இல்லை. ஆனாலும் அந்த ஊருக்கு இன்றும் ஒரு மேயரை அரசாங்கம் நியமிக்கிறது. ஊரின் பெயர் பதிவேட்டிலிருந்து அழியக் கூடாது என்பதற்காக.

ஊரை இழந்து பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்வது என்றால் என்ன என்று எங்கள் மக்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதற்குப் பிறகு வருகிறோம்.

இது ஐரோப்பியர்களின் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 1914 ஒக்டோபர் 31இல் ஈப்பருக்குப் பக்கத்தில் ஹொலபெக் என்ற இடத்தில் சண்டையிட்ட குதாதாத் கான் என்ற பஞ்சாபி முஸ்லிம் சிப்பாய்க்குத்தான் பிரித்தானிய இந்திய இராணுவத்தின் இந்தியச் சிப்பாய்களில் முதன்முதலாக விக்டோரியா சிலுவை கிடைத்தது. வெர்டனில் டூமோன் கோட்டைக்குப் பக்கத்து மையவாடியில் வட ஆபிரிக்காவிலிருந்தும் மேற்கு ஆபிரிக்காவிலிருந்தும் பிரான்சுக்காகச் சண்டைக்குக் கொண்டுவரப்பட்ட முஸ்லிம்களின் கப்ருகள் கிப்லாவைப் பார்த்து வரிசையாக இருக்கின்றன. அந்த மண்ணில் நம் உம்மத்தும் கிடக்கிறது.

பிரான்சும் பெல்ஜியமும் பணக்கார நாடுகள். சண்டை எந்தக் கோட்டில் நடந்தது என்பதற்கு அவர்களிடம் துல்லியமான வரைபடங்கள் உண்டு. எறிகணையைக் கண்டால் யாரைக் கூப்பிடுவது என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர்களுக்கே நூறு வருடம் போதவில்லை. வரைபடமும் பணமும் இல்லாத இடங்களில் என்ன நடக்கும்?

எகிப்தின் அல் அலமைனைப் பாருங்கள். 1942 ஒக்டோபர் 23இல் தொடங்கிய பெரிய சண்டைக்கு முன்னால், ரோமலின் படை சுமார் ஐந்து இலட்சம் கண்ணிவெடிகளைப் பாலைவனத்தில் புதைத்தது. "பிசாசின் தோட்டங்கள்" என்று அவற்றுக்குப் பெயர். பிரித்தானியரும் தங்கள் பக்கத்தில் புதைத்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் சண்டை முடிந்தது. ஜேர்மனியரும் இத்தாலியரும் மேற்கே ஓடினார்கள், பிரித்தானியர் துரத்திக்கொண்டு போனார்கள். அந்த நிலத்தில் எஞ்சியவர்கள் ஆடும் ஒட்டகமும் மேய்க்கும் நாடோடி அரபிகள். அந்தப் போரில் அவர்களுக்கு எந்தக் கட்சியும் இல்லை.

மேற்குப் பாலைவனத்தில் கண்ணிவெடிகளும் வெடிக்காத எறிகணைகளுமாக 1 கோடி 70 இலட்சம் கிடப்பதாக எகிப்து நீண்ட காலமாகச் சொல்லி வந்தது. புதைத்த நாடுகள் சில வரைபடங்களைப் பிற்காலத்தில் கொடுத்தன. ஆனால் மணல் மேடு நகர்ந்துவிடும், மழை வெள்ளம் கண்ணிவெடியை இழுத்துப் போய்விடும். புதைத்தவன்தான் பொறுப்பேற்க வேண்டும் என்பது எகிப்தின் வாதம். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் எகிப்து இன்றுவரை சேரவில்லை. வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் நாடுகள் வாதாடுகிற காலமெல்லாம் காலை இழக்கிறவன் இடையன்.

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை மொத்தமாக வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. அப்போது நாங்கள் கைக்குழந்தை. ஓலைக் கொட்டிலும் தண்ணீர் வரிசையுமாகப் புத்தளத்து முகாமில்தான் வளர்ந்தோம். அங்கே இருந்துதான் படித்தோம், கலாசாலைக்கும் போனோம். ஊரைப் பற்றி வாப்பா சொன்ன கதைகளில் குளம் இருந்தது, வயல் இருந்தது, கடல் இருந்தது. மிதிவெடி இருக்கவில்லை. ஏனென்றால் வாப்பா பார்த்த ஊரில் அது இருக்கவில்லை.

எங்கள் சனம் இல்லாத அந்த இருபது வருடத்தில் எங்கள் நிலத்தில் ஒரு போர் நடந்தது. முசலிப் பக்கம் 2007 செப்டெம்பரில் இராணுவத்தின் கைக்கு வந்தது. 2009 மேயில் போர் முடிந்தது. பிறகு எங்கள் சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வயல் காடாகிக் கிடந்தது. வீட்டுக்குக் கற்குவியல் மட்டும் அடையாளம். காட்டோரத்தில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள்.

வாப்பாவுக்குத் தன் காணியின் எல்லை கண்ணை மூடிக்கொண்டு தெரியும். ஆனால் அந்தக் காணிக்குள் யார் எப்போது என்ன வைத்தார்கள் என்பது தெரியாது. அதை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமத்து அண்ணன் ஒருவர். போர்க்காலத்தில் அந்தப் பக்கங்களில் இருந்தவர். வாப்பா விறகுக்குப் புறப்பட்ட முதல் நாளே மறித்துச் சொன்னார்: "அந்தப் பக்கம் போகாதேங்கோ. அந்தப் பாலை மரத்தடியில ஒரு சென்றி இருந்தது. சென்றி இருந்த இடமெண்டால் முன்னுக்கு ஏதும் கிடக்கும்."

அந்த ஒரு வசனம் வாப்பாவின் காலைக் காப்பாற்றியிருக்கலாம். பிறகு அந்தப் பக்கம் சிவப்புப் பலகை விழுந்தது. துப்பரவாக்கும் ஆட்கள் வந்தார்கள்.

விஞ்ஞான டீச்சருக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாமல் போனதற்கு விடையும் இதில்தான் இருக்கிறது. அவர் போருக்குள் வளர்ந்தவர். நாங்கள் போரால் விரட்டப்பட்டு, போருக்கு வெளியில் வளர்ந்தவர்கள். நிலத்துக்கு உறுதி எங்களிடம் இருந்தது. நிலத்தின் அந்த இருபது வருடம் அவர்களிடம் இருந்தது.

கண்ணிவெடி அகற்றுகிறவர்களோடு பேசியபோது அவர்களும் இதையேதான் சொன்னார்கள். பதிவு இருக்கிற இடத்தில் வேலை இலகு. இராணுவம் வரிசைப்படி புதைத்து வரைபடம் வைத்திருந்த இடங்களில், ஒன்றைக் கண்டுபிடித்தால் அடுத்தது எங்கே என்று ஊகிக்கலாம். புலிகள் புதைத்தவற்றுக்குப் பெரும்பாலும் அப்படிப் பதிவு கிடைக்கவில்லை. அங்கே ஊர் மக்களின் வாய்ச்சொல்தான் வரைபடம்.

வேலை எப்படி நடக்கிறது தெரியுமா? மிதிவெடிகளில் பல பிளாஸ்டிக் உடம்பு கொண்டவை. உலோகம் மிகக் கொஞ்சம். கருவிக்குச் சரியாக அகப்படாது. அதனால் எங்கள் வடக்கின் மணல் மண்ணுக்கென்றே ஒரு முறையைப் பழக்கியிருக்கிறார்கள். தோட்டத்தில் சருகு வாரும் வாரி போன்ற நீண்ட கைபிடிக் கருவியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி வாரிப் பார்ப்பது. முழு நாளும் வெயிலில், முகத்தில் கவசத்தோடு, ஒடுங்கிய ஒரு பாதையில். முகமாலையில் 2000ஆம் ஆண்டிலிருந்து பல வருடம் முன்னரங்காக இருந்த கோட்டில் அப்படித்தான் வேலை நடந்து வருகிறது. செய்கிறவர்களில் பலர் பெண்கள். போரில் கணவனை இழந்து, வீட்டைத் தனியே சுமப்பவர்கள் அவர்களுக்குள் நிறையப் பேர். போரை அவர்கள் தொடங்கவும் இல்லை, மிதிவெடியை வைக்கவும் இல்லை.

இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி நாட்டிலுள்ள கண்ணிவெடி நிலங்களைத் துப்பரவாக்கி முடிக்க எங்களுக்கிருந்த தவணை 2028 ஜூன் 1. ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தவணை கண்ணிவெடி நிலங்களுக்குத்தான். எங்கள் வரலாற்று மூலைக்கு வந்தது போன்ற எறிகணை ஒரு வேலியடியிலோ குளக்கட்டிலோ தனியாகக் கிடக்கும். அதற்கு வரைபடமே கிடையாது. எங்கே விழுந்தது என்று பார்த்தவர் சொன்னால்தான் உண்டு. பார்த்தவர்களுக்கு வயது போகிறது. சிலர் வெளிநாடு போய்விட்டார்கள். சிலர் மௌத்தாகிவிட்டார்கள்.

அதனால் இந்தப் பதிவை வாசிக்கிறவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். வடக்கில், கிழக்கில், எல்லைக் கிராமங்களில் அந்தக் காலத்தில் இருந்தவர்கள், எந்தப் பக்கத்தில் இருந்தவரானாலும், தெரிந்ததைச் சொல்லுங்கள். சென்றி இருந்த மரம், பங்கர் வெட்டிய திடல், மண் அணை போன பாதை, "ஷெல் விழுந்தது, ஆனா வெடிச்ச சத்தம் கேக்கல்ல" என்ற நினைவு. கிராம சேவகரிடமோ பொலிஸிடமோ உங்கள் பகுதியில் வேலை செய்யும் கண்ணிவெடி அகற்றும் குழுவிடமோ சொல்லுங்கள். யார் வைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கே என்று மட்டும் சொன்னால் போதும்.

ஆசிரியர்களுக்கு: பழைய பொருள் கொண்டு வரச் சொல்லும்போது எங்களைப் போல "எதுவெண்டாலும்" என்று சொல்லிவிடாதீர்கள். தெரியாத இரும்பைத் தொடாதே, கல்லால் எறியாதே, போன வழியாலேயே திரும்பி வா, பெரியவர்களிடம் சொல். இந்த நான்கையும் ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் சொல்லுங்கள். பெற்றோருக்கு: புதிதாகத் துப்பரவு செய்த வளவில் குப்பை கொளுத்த முன் யோசியுங்கள். மண்ணுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று நெருப்புக்குத் தெரியாது. பழைய இரும்புக்குக் கிடைக்கிற காசுக்காகப் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பாதீர்கள்.

வரலாற்று மூலை இப்போதும் இருக்கிறது. தட்டமும் இலாம்பும் சிப்பி ஓடும் அங்கேதான். நடுவில் அந்த இரும்பு இருந்த இடத்துக்கு மேலே, சுவரில் ஊரின் வரைபடம் ஒன்றை ஒட்டியிருக்கிறோம். பிள்ளைகள் வரைந்தது. ஒரு தவணை முழுக்க அவர்கள் இரண்டு ஊர்ப் பெரியவர்களிடமும் போய், எங்கே என்ன இருந்தது என்று கேட்டுக் கேட்டுச் சிவப்புப் புள்ளி வைத்தார்கள். விஞ்ஞான டீச்சர்தான் அதற்குப் பொறுப்பு. அதன் பிரதியைக் கண்ணிவெடி அகற்றும் குழுவிடம் கொடுத்தோம். இரண்டு இடங்களை வந்து பார்த்தார்கள். ஒன்றில் ஒன்றுமில்லை. மற்றதில் பலகை நட்டுவிட்டுப் போனார்கள்.

இரும்பு கொண்டு வந்த பையன் இப்போது உயர்தரம் படிக்கிறான். அந்த வரைபடத்தில் முதல் புள்ளியை வைத்தது அவன்தான். தான் அதைப் பொறுக்கிய இடம்.